சின்ன சிபியுவுக்கு எந்தக் கிராபிக்ஸ் கார்டு? அளவெடுப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமோ வண்ணார்பேட்டையிலோ செகண்ட்ஸ் கம்ப்யூட்டர் விற்கும் கடைக்குள் போனால் ஒரே உருவம்தான் சுவரோரம் அடுக்கியிருக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர். கருப்பு நிறம், ஒல்லி உடம்பு. பெருநகர அலுவலகங்கள் சில வருடம் ஓட்டிக் கழித்தவை சென்னை ரிச்சி தெரு மாதிரியான சந்தைகள் வழியாக இங்கே வந்து சேர்கின்றன. கொடுக்கிற காசுக்கு நல்ல சாமான். வாங்கிய கொஞ்ச நாளிலேயே அந்தக் கேள்வியும் வந்துவிடும்: "அண்ணாச்சி, இதுல ஒரு கிராபிக்ஸ் கார்டு போடலாமா?"

போடலாம். ஆனால் "எந்தக் கார்டு நல்லது?" என்று தொடங்கினால் வழி தப்பிவிடும். பெரிய டவர் கேபினட்டில் பணம் மட்டும்தான் எல்லை. ஒல்லிப் பெட்டியில் பணம் கடைசியாக வரும் எல்லை. அதற்கு முன்னால் உயரம், அகலம், வாட், மதர்போர்டின் வயது என்று நான்கு பேர் நிற்கிறார்கள். பழைய ஓட்டு வீட்டு நிலையின் உயரம் பார்க்காமல் பீரோ வாங்கி வந்து தெருவில் நிறுத்தியவர்களுக்கு இது புரியும். அதனால் இந்த வழிகாட்டியில் கார்டுகளின் பெயர் பாதிக்கு மேல்தான் வரும். அதற்கு முந்தைய படிகளை முடித்தவருக்குத் தேர்வுப் பட்டியலில் இரண்டு மூன்று பெயர்களே மிஞ்சியிருக்கும், அதுதான் வசதியும்.

முதல் படி: கார்டு தேவைதானா?

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்றதும் கிராபிக்ஸ் கார்டைச் சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். திணறும் நேரத்தில் எது நூறைத் தொடுகிறது? டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி போடுங்கள். மெமரி என்றால் ராம். சிபியு (இங்கே பெட்டியைச் சொல்லவில்லை, பிராசஸரை) மட்டும் நூறில் நின்று, படம் வரையும் சிப்பான ஜிபியு சும்மா கிடந்தால் எந்தக் கார்டும் உதவாது. ஜிபியு நூறுக்கு அருகில் நின்றால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

டாலி, பில்லிங், ஜெராக்ஸ் கடை வேலை, இ-சேவை மையம்: கார்டு வேண்டாம். ஃப்ளெக்ஸ் டிசைன் செய்பவர்களும் வேண்டாம் என்றே சொல்வேன். கோரல்டிராவும் போட்டோஷாப்பும் இருபதடி பேனர் ஃபைலைத் திறக்கும்போது ராமையும் டிஸ்க்கையும்தான் தின்னும். வீட்டுப் பிளான் போடும் இன்ஜினியர்கள் ஆட்டோகேடில் இரு பரிமாணக் கோடு மட்டும் போடுகிறார்கள் என்றால் போர்டிலேயே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் போதும். எலிவேஷனை முப்பரிமாணமாக ரெண்டர் செய்து வாடிக்கையாளருக்குக் காட்டுபவர் என்றால் கதை வேறு. கல்யாண வீடியோ எடிட்டிங், விளையாட்டு, வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பது, இந்த மூன்றுக்கும் கார்டு உண்மையாகவே வேலை செய்யும்.

இன்னொரு சின்ன விஷயம். செகண்ட்ஸ் பெட்டிகள் பெரும்பாலும் ஒற்றை 8 ஜிபி ராமோடு வரும். அதே அளவில் இன்னொரு ராம் போட்டு இரண்டாக்கினால் இன்டெல் கிராபிக்ஸே கண்ணுக்குத் தெரிகிற அளவு வேகம் கூடும், ஏனென்றால் அது ராமைத்தான் தன் மெமரியாகப் பயன்படுத்துகிறது. சின்ன விளையாட்டுகளுக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். கார்டுக்கு முன் இதைச் செய்து பாருங்கள். எப்படியும் வீண் போகாத செலவு.

இரண்டாம் படி: மாடல் எண்ணும் ஒரு ஸ்கேலும்

பெட்டியின் மேல் அல்லது பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் பெயரில் மூன்று உடம்பு வரும்: முழு டவர், ஒல்லிப் பெட்டி, கைக்குள் அடங்கும் மைக்ரோ. மைக்ரோ உங்களிடம் இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு சில வொர்க்ஸ்டேஷன் மாடல்களைத் தவிர அவற்றில் கார்டு மாட்டவே இடம் கிடையாது.

ஒல்லிப் பெட்டி என்றால் மூடியைக் கழற்றி நான்கு அளவு எடுங்கள்.

பின்பக்கம் கார்டின் தகடு உட்காரும் இடத்தின் உயரம் முதலாவது. சாதாரணக் கார்டின் தகடு 120 மிமீ உயரம். லோ புரொஃபைல் எனப்படும் குட்டைக் கார்டின் தகடு ஏறக்குறைய 80 மிமீ; கார்டின் பலகை 69 மிமீக்குள் அடங்கும். ஒல்லிப் பெட்டியில் குட்டைதான் போகும், இதில் பேரமே இல்லை.

அடுத்தது அகலம். போர்டில் கார்டு குத்தும் ஒரு ஸ்லாட்டிலிருந்து அடுத்த ஸ்லாட்டுக்கு 20 மிமீ சொச்சம். குட்டைக் கார்டுகளில் வேகமானவை பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் தடிமன், அதாவது 40 மிமீ வரை. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நீளமான ஸ்லாட் பெட்டியின் ஓரத்தில், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டி இருந்தால், இரண்டாவது ஸ்லாட் தடிமனுக்கு இடமே இருக்காது. ஃபேன் பக்கம் எது என்று பார்த்து அந்தப் பக்கத்தில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 40 மிமீ இருந்து, அதற்கு மேல் விரல் நுழையும் இடைவெளியும் இருந்தால் நல்லது. ஃபேன் எஸ்எம்பிஎஸ் தகட்டில் முட்டிக்கொண்டு நின்றால் காற்று எங்கிருந்து இழுக்கும்?

மூன்றாவது நீளம்: பின் தகட்டிலிருந்து உள்ளே எது குறுக்கே வருகிறது என்று பாருங்கள். ஹார்டு டிஸ்க் கூண்டு, சிடி டிரைவ், சாட்டா வயர் குத்தியிருக்கும் இடம். குட்டைக் கார்டுகள் 150 முதல் 180 மிமீ வரை வரும்.

கடைசியாக ஸ்லாட். நீளமான ஸ்லாட் இரண்டு இருக்கலாம். அதில் ஒன்று உருவத்தில் பெரிதாக இருந்தாலும் உள்ளே தகவல் போய்வர நான்கு பாதைதான் ஓடும். எது உண்மையான பதினாறு என்று அந்த மாடலின் மேனுவலில் எழுதியிருக்கும். மேனுவல் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இதைப் படிக்கச் சொன்னால் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பத்து நிமிட வேலை, பத்தாயிரத்துக்கு மேல் போகும் காசு.

மூன்றாம் படி: எஸ்எம்பிஎஸ்

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். தனி வயர் இல்லாமல் ஓடும் கார்டுகள் எல்லாம் இந்த 75க்குள் அடங்கியவை. அதற்கு மேல் போனால் ஆறு பின் வயர் இன்னொரு 75, எட்டு பின் வயர் 150 வாட் கொடுக்க வேண்டும். அலுவலகப் பெட்டிகளில் இந்த வயர்கள் இருக்காது.

உங்கள் ஸ்லாட் முழு 75ஐக் கொடுக்குமா என்பதும் உறுதியில்லை. சில பழைய ஒல்லி மாடல்களின் மேனுவலில் ஸ்லாட்டுக்கு 35 வாட், 50 வாட் என்று கம்பெனியே வரம்பு போட்டிருக்கும். அப்படி எழுதியிருந்தால் அதை மதியுங்கள். "என் நண்பன் 75 வாட் கார்டு போட்டு ஓட்டுறான்" என்பார்கள். ஓடும். சித்திரை வெயிலில் எத்தனை நாள் ஓடும் என்பதை நண்பன் சொல்ல மாட்டான்.

அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிள். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் 180 முதல் 260 வாட் வரை இருக்கும். கணக்கு எளிது. ஐ5 பிராசஸருக்கு 65 என்று எழுதியிருந்தாலும், புதிய தலைமுறைகள் வேகம் எடுக்கும்போது அதைத் தாண்டும். 80, 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன், கீபோர்டு எல்லாம் சேர்ந்து 30. கார்டு 75. கூட்டினால் 190 பக்கம் வருகிறது. 240 வாட் எஸ்எம்பிஎஸ் இதைத் தாராளமாகத் தாங்கும். 180 வாட் எஸ்எம்பிஎஸ் உள்ளவர்கள் 50 வாட், அதற்கும் கீழே உள்ள கார்டோடு நிறுத்திக்கொள்வதே என் அபிப்பிராயம். பழைய ஹார்டு டிஸ்க் உள்ளே சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் கழற்றிவிடுங்கள், கொஞ்சம் வாட்டும் மிச்சம், காற்றுக்கு வழியும் கிடைக்கும்.

சாட்டா வயரை ஆறு பின்னாக மாற்றும் அடாப்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்கள் மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்தான் தாங்கும். ஆறு பின் பக்கம் இருக்கும் கார்டோ 75 வரை இழுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். இடையில் இருக்கும் பிளாஸ்டிக் உருகுவதற்குக் காரணம் இதற்கு மேல் தேட வேண்டாம். வெளியிலிருந்து இன்னொரு எஸ்எம்பிஎஸ் வைத்து வயர் இழுப்பதையும் வீட்டில் செய்ய வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமே என்றால், இந்தக் கம்பெனிகள் போர்டுக்குப் போகும் பிளக்கையும் உடம்பின் அளவையும் தங்கள் இஷ்டத்துக்கு வைத்திருக்கின்றன. கடையில் கிடைக்கும் சாதா எஸ்எம்பிஎஸ் உள்ளே உட்காராது.

நான்காம் படி: போர்டின் வயது

இன்டெல் 3ஆம் தலைமுறை, அதற்கும் முந்தைய பெட்டிகளில் புதுக் கார்டு போட்டால் திரையே வராமல் போகலாம். புதிய கார்டுகள் கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையை எதிர்பார்க்கின்றன. போர்டுக்குள் இருக்கும் பழைய தொடக்க மென்பொருளான பயாஸ் அதை அரைகுறையாகத்தான் பேசும். 4ஆம் தலைமுறையிலும் எச்81 சிப்செட் வைத்த போர்டுகளில் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 தான். 10ஆம் தலைமுறை வரை 3.0, 11லிருந்து 4.0. கார்டு பதினாறு பாதையையும் பயன்படுத்தினால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நான்கே பாதையில் ஓடும் கார்டு என்றால் நன்றாகவே தெரியும். அதைக் கீழே சொல்கிறேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்துதான். 4, 6, 7ஆம் தலைமுறைப் பெட்டியில் புதுக் கார்டுக்குப் பெரிய காசு போடுவதற்கு முன் இதை யோசியுங்கள். அந்தக் காசை வைத்து 8ஆம் தலைமுறைப் பெட்டிக்கு மாறிவிட்டு, கார்டை அடுத்த வருடம் வாங்குவது பல நேரங்களில் புத்திசாலித்தனம். நான்கு கோர் மட்டுமே உள்ள பழைய ஐ5க்கு எவ்வளவு நல்ல கார்டைக் கொடுத்தாலும் இன்றைய விளையாட்டுகளில் பிராசஸர்தான் மூச்சு வாங்கும்.

ஐந்தாம் படி: இப்போது கார்டுகள்

கீழிருந்து மேலே போவோம்.

ஜிடி 710, ஜிடி 730. வேண்டாம். "4 ஜிபி கார்டு அண்ணாச்சி, ஆஃபர் விலை" என்று இன்றும் இதை நீட்டுகிறார்கள். மெமரி அளவை மட்டும் சொல்லி விற்கப்படும் கார்டைக் கண்டால் எட்டி நில்லுங்கள். மெதுவான சிப்புக்கு 4 ஜிபி கொடுத்து என்ன பயன்? உங்கள் போர்டில் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸே பல இடங்களில் இதற்கு ஈடு கொடுக்கும்.

ஜிடி 1030, 2017இல் வந்தது, 30 வாட். 35 வாட் வரம்புள்ள பெட்டிக்காரர்களுக்கு இதுதான் கதி. ஆனால் இதில் இரண்டு ரகம்: ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது ஒன்று, 2018இல் வந்த டிடிஆர்4 மெமரி உள்ளது இன்னொன்று. பெயர் ஒன்றே, மெமரி வேகம் மட்டும் பின்னதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அட்டைப்பெட்டியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்து டிடிஆர்4 என்றால் திருப்பிக் கொடுங்கள். இரண்டிலுமே முடித்த வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்கும் என்கோடர் கிடையாது. எடிட்டர்களுக்கு உதவாது. பாஸ்கல் வகைச் சிப் என்பதால் என்விடியா 2025 அக்டோபரோடு விளையாட்டுகளுக்கான புது டிரைவர் தருவதையும் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐக்கும் இதே கதைதான்.

50 வாட் வட்டத்தில் என் விருப்பம் என்விடியா டி1000. வொர்க்ஸ்டேஷன் கார்டு, ஒரே ஸ்லாட் தடிமன், குட்டை உடம்பு, 4 அல்லது 8 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1650இல் உள்ள அதே 896 கோர்கள். எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டி ஸ்லாட் உள்ள பெட்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. இதற்குத் தம்பி டி400 (30 வாட்), டி600 (40 வாட்). அண்ணன் ஆர்டிஎக்ஸ் ஏ1000: அதே 50 வாட், அதே ஒற்றை ஸ்லாட், 8 ஜிபி, ஆனால் 2304 கோர்கள். புதிதாக வாங்கினால் விலை கடிக்கும். கழித்த வொர்க்ஸ்டேஷன்களிலிருந்து இந்த வரிசைக் கார்டுகள் செகண்ட்ஸில் வருவதால் கண் வைத்திருங்கள்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400, 2022, 53 வாட். ஒற்றை ஸ்லாட்டில் குட்டையாகவும் கிடைப்பதால் ஆசை காட்டும். மேலே சொன்னபடி நான்கே பாதையில் ஓடும் கார்டு இது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள போர்டில் நன்றாகவே ஓடும், 3.0இல் விளையாட்டுகளில் சறுக்கும், எச்81இல் பரிதாபம். வீடியோ என்கோடர் இல்லை, யூடியூப் இப்போது அதிகம் அனுப்பும் ஏவி1 வீடியோவைக் கார்டே விரிக்கும் (டிகோட் செய்யும்) வசதியும் இல்லை. 11ஆம் தலைமுறைக்கு மேல் போர்டு, விளையாட்டு மட்டுமே வேலை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380: குட்டை உடம்பில் கிடைப்பவை, 75 வாட்டுக்குள். வீடியோ வேலைக்கு அருமை, ஏவி1 என்கோடரும் உண்டு. ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் எட்ட உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதியைப் போர்டு தர வேண்டும். இன்டெல் 10ஆம் தலைமுறைக்கு முந்தைய அலுவலகப் பெட்டிகளில் பொதுவாக அது கிடையாது. அப்போது விளையாட்டுகளில் இது தள்ளாடும். 2025இல் வந்த ஆர்க் புரோ பி50, 70 வாட்டில் 16 ஜிபி மெமரி தருகிறது. புதிய போர்டு வைத்துக்கொண்டு ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்க விரும்புபவர்கள் கவனிக்க வேண்டியது.

இனி 70 வாட். இரண்டு ஸ்லாட் இடமும் 240 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் உள்ள பெட்டிக்கு நான் முதலில் சொல்வது ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி ரகம். 2024 பிப்ரவரியில் வந்தது, தனி வயர் வேண்டாம், குட்டை உடம்பில் பல கம்பெனிகள் செய்கின்றன. கேட்டு வாங்கும்போது "3050" என்று மட்டும் சொன்னால் 8 ஜிபி ரகத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்குத் தனி வயர் வேண்டும். "6 ஜிபி, லோ புரொஃபைல், பவர் கனெக்டர் இல்லாதது" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். செகண்ட்ஸில் நல்ல நிலையில் கிடைத்தால் ஆர்டிஎக்ஸ் ஏ2000 இதைவிட ஒரு படி மேல்: அதே 70 வாட்டில் 3328 கோர்கள், 6 அல்லது 12 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1650 குட்டை ரகம் செகண்ட்ஸில் மலிவாக அமைந்தால் இன்னும் எடுக்கலாம், டிரைவர் வந்துகொண்டிருக்கிறது.

ஆர்டிஎக்ஸ் 2000 அடா 16 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 4000 எஸ்எஃப்எஃப் அடா 20 ஜிபி. இரண்டும் 70 வாட். வாட் கணக்கில் அதிசயம், விலைக் கணக்கில் இந்த வழிகாட்டிக்கு வெளியே.

4060, 5060 ஆகியவையும் குட்டை உடம்பில் வருகின்றனவே என்று கேட்பவர்களுக்கு: வருகின்றன, 115 வாட்டும் 145 வாட்டும் கேட்கின்றன, எட்டு பின் வயரோடு. நீங்களே மினி ஐடிஎக்ஸ் போர்டும் நல்ல எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸும் போட்டுக் கட்டிய சின்னப் பெட்டிக்கு அவை. அலுவலகப் பெட்டிக்கு இல்லை.

கல்யாண வீடியோ எடிட்டர்களுக்குத் தனியாக

வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களில் பாளையங்கோட்டையிலிருந்து வள்ளியூர் வரை ஸ்டுடியோக்காரர்கள் தூங்குவதில்லை. இவர்கள் கேட்பது ஒன்றுதான்: டைம்லைன் விக்காமல் ஓட வேண்டும். இங்கே கேமரா எந்த வகையில் பதிவு செய்கிறது என்பது கார்டின் வேகத்தைவிட முக்கியம்.

இன்றைய சோனி, கேனான் மிரர்லெஸ் கேமராக்களில் நிற விவரத்தை அதிகம் வைத்திருக்கும் 10 பிட் 4:2:2 எச்.265 பதிவு சகஜமாகிவிட்டது. என்விடியா கார்டுகள் 50 வரிசை வரும் வரை இந்த 4:2:2 ரகத்தை வன்பொருளில் விரித்ததில்லை. 3050, ஏ2000 எதுவானாலும் அந்தச் சுமை பிராசஸர் தலையில் விழும். அதே சமயம், இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த பிராசஸர்களின் உள்கிராபிக்ஸும் ஆர்க் கார்டுகளும் இதை எளிதாக விரிக்கின்றன. பெரிய காசு போட்டு என்விடியா வாங்கியவர் திணறும்போது, கார்டே இல்லாத 12ஆம் தலைமுறைப் பெட்டிக்காரர் வழுவழுவென்று வெட்டிக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுதான்.

ஆகவே 11, 12ஆம் தலைமுறைப் பெட்டி உள்ளவர்கள் என்விடியா கார்டு போட்டாலும் உள்கிராபிக்ஸை அணைத்துவிடாதீர்கள். கார்டு மாட்டியதும் சில போர்டுகள் தாமாகவே அதை அணைத்துவிடும். பயாஸில் மல்டி டிஸ்ப்ளே அல்லது அதைப் போன்ற பெயரில் உள்ள அமைப்பை இயக்கிவிட்டால் இரண்டும் சேர்ந்து உழைக்கும். பெயரின் முடிவில் எஃப் எழுத்துள்ள பிராசஸர்களில் உள்கிராபிக்ஸே கிடையாது. எட்டாம் தலைமுறைப் பெட்டியில் 4:2:2 ஃபைலோடு மல்லுக்கட்டுபவர்களுக்குக் கார்டைவிட மலிவான வழி ஒன்று உண்டு: எடிட்டிங் மென்பொருளில் பிராக்ஸி எனப்படும் இலகுவான நகலை உருவாக்கிவிட்டுச் சாப்பிடப் போவது. கேமராவை 4:2:0இல் வைத்து எடுத்தாலும் பாதிச் சிக்கல் தீரும். கல்யாண ஆல்பத்துக்கு அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் மாமியார் இன்னும் பிறக்கவில்லை.

மானிட்டர் வயர்

இது சின்ன விஷயம், ஆனால் கார்டை வாங்கி வீடு வந்த பிறகுதான் நினைவுக்கு வரும். நம் வீடுகளில் இன்னும் விஜிஏ மானிட்டர்கள் ஏராளம். மேலே சொன்ன புதிய கார்டுகள் எதிலும் விஜிஏ இல்லை. எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும், உள்ளே சிப் உள்ள அடாப்டர் தேவைப்படும். டி1000, ஏ2000 போன்றவற்றில் இருப்பது மினி டிஸ்ப்ளேபோர்ட். செகண்ட்ஸில் வாங்கும்போது அதற்கான குட்டி அடாப்டரையும் சேர்த்துக் கேளுங்கள், பெரும்பாலும் தொலைத்திருப்பார்கள்.

வாங்கும் இடத்தில்

குட்டைத் தகடு பெட்டிக்குள் இருக்கிறதா? இதுதான் முதல் கேள்வி. கார்டு குட்டையாக இருந்தாலும் உயரத் தகடு மாட்டியே அனுப்புவார்கள்; குட்டைத் தகடு தனியாக உள்ளே கிடக்கும். செகண்ட்ஸில் அது காணாமல் போயிருந்தால் தனியாகத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

புதுக் கார்டு என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு சீரியல் எண் எழுதிய பில் வாங்குங்கள். பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாரண்டியையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறீர்கள். செகண்ட்ஸ் என்றால் ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிகள் சந்தையில் உண்டு. அவற்றைப் பெரும்பாலும் ஜிபியு-இசட் பெயருக்கு முன்னால் போலி என்றே போட்டுக் காட்டிக்கொடுக்கும். மெமரி வகை, எத்தனை பாதையில் ஓடுகிறது, ரீசைசபிள் பார் இயங்குகிறதா என்பதும் அதே திரையில் தெரியும்.

சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்தால் பிரிப்பதை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உவரி, கூடங்குளம் மாதிரிக் கடலோர ஊர்களில் ஓடிய கார்டு என்றால் ஸ்லாட்டில் நுழையும் தங்க நிறக் காலிலும் தகட்டுத் திருகுகளிலும் பச்சை, துரு ஏறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். உப்புக் காற்று ஃபேனைவிட முதலில் உலோகத்தைத்தான் தின்னும்.

மாட்டுவது

பழைய கார்டு இருந்தால் முதலில் டிடியு என்ற மென்பொருளைக் கொண்டு அதன் டிரைவரைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் தேவையில்லை. போர்டின் பயாஸுக்குக் கம்பெனி தளத்தில் புதுப்பதிப்பு இருந்தால் கார்டு மாட்டும் முன்பே ஏற்றிவிடுங்கள், யுபிஎஸ் இருக்கும் நேரத்தில்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சம் நிற்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். கார்டின் உயரத் தகட்டைக் கழற்றிக் குட்டைத் தகட்டைத் திருகுங்கள். சின்னத் திருகுகள், தட்டில் போட்டு வையுங்கள். பெட்டியின் பின்தாழ்ப்பாளைத் திறந்து, மூடித் தகடுகளை எடுத்து, கார்டை நேராக வைத்து இரண்டு முனையிலும் சமமாக அழுத்துங்கள். ஸ்லாட் நுனியில் உள்ள கொக்கி டக்கென்று விழ வேண்டும். சாட்டா வயர்கள் கார்டின் ஃபேனில் உரசாமல் ஒதுக்குங்கள்.

மானிட்டர் வயரைக் கார்டில் குத்துங்கள். போர்டிலேயே குத்தி வைத்துக்கொண்டு "கார்டு போட்டும் வேகமே இல்லை" என்று வருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். டிரைவரைச் சிப் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

வெக்கை, புழுதி, கரண்ட்

வெளிநாட்டு விமர்சனங்களில் கார்டு 68 டிகிரி என்று காட்டுவார்கள். அவர்கள் அறை 22 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் மாடியறை ஒன்றில் 38 இருந்தால், அந்த 16 டிகிரி வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே கார்டின் மேல் ஏறும், ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும். 80 முதல் 83 வரை பயமில்லை, கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கும். அதையும் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் அளவைப் பத்து சதவீதம் குறையுங்கள், விளையாட்டில் 60 ஃபிரேமுக்கு வரம்பு போடுங்கள். வேகம் குறைந்தது கண்ணுக்கே தெரியாது, ஃபேன் சத்தம் குறைந்தது காதுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் மேசையின் கீழ் மரப்பெட்டிக்குள் சிபியுவை அடைத்து வைக்கும் பழக்கத்தைக் கார்டு போட்ட அன்றே விட்டுவிடுங்கள். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலையைச் சுழற்றும் அதே ஆனி ஆடிக் காற்று ஜன்னல் வழியாகப் புழுதியையும் கொண்டுவந்து கொட்டும். திசையன்விளைப் பக்கம் செம்மண் வேறு. குட்டைக் கார்டின் ஹீட்சிங்க் இடுக்குகள் நெருக்கமானவை, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காற்றுக் காலம் முடிந்ததும் ஒரு முறை, வெயில் தொடங்கும் முன் ஒரு முறை பிளோயரால் ஊதுங்கள், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு.

600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரை தாங்கும், ஆகவே 240 வாட் பெட்டியும் மானிட்டரும் அதில் அடங்கும். பேட்டரி மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் இறங்கும். கார்டு போட்ட வாரத்திலேயே, ஏதாவது விளையாட்டையோ ரெண்டரையோ முழு வேகத்தில் ஓடவிட்டு, யுபிஎஸ்ஸுக்குக் கரண்ட் வரும் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். திறந்திருக்கும் ஃபைல்களைச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள். பெட்டி உடனே அணைந்துவிட்டால் யுபிஎஸ் பேட்டரியை மாற்ற வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பியிருப்பவர்கள் அதில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பார்த்துப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த இடைவெளியிலேயே சிபியு ரீஸ்டார்ட் ஆகும். அரை மணி நேர முழுச் சுமைச் சோதனையை மத்தியான வெயிலில், மூடியைப் போட்ட பிறகு, கடைக்காரர் கொடுத்த மாற்றித் தரும் கெடுவுக்குள் முடித்துவிடுங்கள்.